கொப்பியில் இரண்டு நிரல்

தருமபுரத்தில், பள்ளிக்கூட மதிலுக்குப் பின்னால்
சுவிசில் இருக்கிறவரின் வளவு. கால் ஏக்கர்.
நாயுருவியும் எருக்கலையும் ஆளுயரம்.
"சும்மா கிடக்கிறதுக்கு ஏதும் நட்டுத் தின்னுங்கோ"
என்று வட்ஸ்அப்பில் குரல் வந்தது.
மண்ணெண்ணெய்க்கு நாங்கள் வரிசையில் நின்ற வருசம்.
பதினொரு வீடு சேர்ந்தோம்.

கொப்பி என் கையில்.
இருபத்திரண்டு வருசம் சங்கக் கடையில் கணக்கெழுதினவள்;
அடிமட்டம் இல்லாமல் எனக்குக் கோடு வராது.
இடப்பக்கம் கொண்டுவந்தது,
வலப்பக்கம் கொண்டுபோனது.

ரெங்கநாயகி: மாட்டெரு நாலு கடகம்.
போனது, கத்தரிக்காய் அரைக் கிலோ.
செபஸ்ரியான்: பம்புக்குப் புது வாசர்.
போனது, பயிற்றங்காய் இரண்டு பிடி.
நகுலா: மூன்று பின்னேரம் புல்லுப் பிடுங்கினது.
போனது, மகளுக்குக் காய்ச்சல் என்று கொஞ்சம் பசளிக் கீரை.

லோன்காரன் வரும் செவ்வாய்க்கிழமைகளில்
விடியவே வந்துவிடுவாள் நகுலா.
மிளகாய்ச் செடிகளுக்கு நடுவில் குந்தியிருப்பாள்.
மோட்டார்சைக்கிள் ஒழுங்கையால் திரும்பிப் போகும்வரை
ஒருவரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம்.
இதை எந்த நிரலில் எழுதுவது?

குணாளனுக்கு இடப்பக்கம் வெறுமை.
வலப்பக்கம்
வெண்டிக்காய், வெண்டிக்காய், கீரை, வெண்டிக்காய்.

பொல்லாத வாய் எனக்கு.
மூன்றாம் மாதக் கூட்டத்தில்
கொப்பியை எல்லோருக்கும் விரித்துக் காட்டினேன்.
குணாளன் தன் செருப்பைப் பார்த்தபடி இருந்தான்.
செபஸ்ரியான்தான் கேட்டான்:
"அக்கா, பக்கத்துக் காணியெல்லாம் உழுத மாதிரிக் கிடக்கு.
எங்கட வேலிக்குள்ள மட்டும் பன்றி ஏன் வரேல்லை?"

அவனுக்கு நித்திரை இல்லை.
பதின்மூன்று வருசமாக.
ஏன் என்று இங்கே ஒருவரும் கேட்பதில்லை;
கேட்கக்கூடியவர்களுக்கும் அதே வருசம்தான்.
றோட்டுறோட்டாய் இரவில் நடந்து திரிந்த மனிசன்
இப்போது தகரமும் தடியுமாய்
வேலியைச் சுற்றி நடக்கிறான்.
சாமத்தில் பன்றி, பிறகு முள்ளம்பன்றி,
விடியப்புறம் குரங்குக் கூட்டம்.
அந்தத் தகரச் சத்தத்தை
எத்தனை நாள் பாயில் கிடந்து திட்டியிருப்பேன்.

நான் எழுதினதை அழிக்கிறதில்லை,
கோடு கிழித்து மேலே திருத்துவேன், சங்கத்துப் பழக்கம்.
குணாளன், இடப்பக்கம்:
இரவு, அறுபத்திரண்டு.

ஆவணி நடுவில் ஒருநாள்
சத்தமில்லாமல்தான் முழித்தேன்.
காது கொடுத்துக் கிடந்தேன். தகரம் அடிக்கவேயில்லை.
வெளிக்க முன்னம் ரோர்ச்சோடு ஓடினால்
வத்தாளை இரண்டு பாத்தி கிண்டிக் கிடக்குது,
கொடி வேறு, மண் வேறு.
எனக்கு நெஞ்சு அடைத்தது கிழங்குக்காக அல்ல.

பம்புக் கொட்டிலில்
யூரியாப் பையை விரித்து
வாயைத் திறந்தபடி குணாளன்.
காலில் எறும்பு ஊருது, தெரியவில்லை.
மூச்சு சீராய் ஏறி இறங்குது.
ரெங்கநாயகி வந்தாள், பார்த்தாள்,
உதட்டில் விரலை வைத்தாள்.

அன்றைக்குப் பம்பு போடவில்லை.
பயற்றைக்கும் மிளகாய்க்கும் வாளியால் அள்ளி ஊற்றினோம்,
வாளி கிணற்றில் முட்டாமல், மெல்ல.
நகுலா தன் போனை நிற்பாட்டி வைத்தாள்.
பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்தது,
பிள்ளைகள் கத்தினதுகள்,
மனிசன் அசையவில்லை.

பின்னேரம் கொப்பியை எடுத்தேன்.
பன்றி. கொண்டுபோனது: வத்தாளை, இரண்டு பாத்தி.
கொண்டுவந்தது:
பேனை கொஞ்சநேரம் நின்றது.
நித்திரை, குணாளனுக்கு,
விடிய முன்னமிருந்து பதினொன்றரை மட்டும்.

கீழே வழமைபோல குறிப்பு:
மேற்கு மூலையில் வேலி பிய்ந்திருக்கு.
நாளைக்குக் கட்டவேணும்.
கம்பி இருபது முழம்,
கதியால் ஆறு.
ஆர் கொண்டுவருகிறது என்று
இன்னும் எழுதவில்லை.